நான்காம் கலவை

ஔலு நகரில் டிசம்பர் சூரியன்
பத்தரைக்கு மேல் வந்து
இரண்டு மணிக்குப் போய்விடும்,
கையெழுத்துப் போட மட்டும் வரும் ஊழியனைப் போல.
ஆகவே எங்கள் சோதனைக்கூடத்தில்
சூரியன் என்பது ஒரு செனான் விளக்கு.
அதற்கொரு சுவிட்ச், அதற்கொரு குறிப்பேடு.
எரிந்த மணிகளை எழுதுவது என் வேலை.

மூடியிட்ட பீங்கான் கிண்ணத்தில் யூரியா,
வயலுக்கு இடும் அதே உரம்.
ஐந்நூற்றைம்பது டிகிரியில் நான்கு மணி நேரம்.
புகைபோக்கி எவ்வளவு இழுத்தாலும்
அம்மோனியா என் கம்பளித் தொப்பியில் ஏறி
வீடுவரை வரும்.
மூடியைத் திறந்தால் வெளிர்மஞ்சள் தூள்,
கரண்டி கரண்டியாய்ப் போட்டதற்கு
ஒரு சிட்டிகை.

இன்னொரு ஜாடியில் வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு.
சுவருக்கு அடிக்கும் பெயின்டில் இருப்பதுதான்.
புற ஊதா படாவிட்டால் கண்ணே திறக்காது.
மஞ்சள் அப்படியில்லை,
சாதாரண நீல ஒளிக்கே எழுந்துவிடும்,
எழுந்த வேகத்தில் படுத்தும்விடும்.

ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் துள்ளும்.
அது இருந்த இடத்தில் ஒரு துளை.
விட்டுவைத்தால்
இமைப்பதற்குள் திரும்ப அதிலேயே விழும்.
வாங்கிய வெளிச்சம் அத்தனையும் சூடாகும்.
யார் கையையும் காய்ச்சாத சூடு.

வேய்க்கோவும் நானும் பதினொரு வருடம்
அப்படித்தான் செலவழித்தோம்.

மஞ்சளை வெள்ளையோடு ஒட்டவைத்தால்
எலக்ட்ரான் எல்லை தாண்டி வெள்ளைக்குப் போகும்,
துளை மஞ்சளிலேயே தங்கும்.
பிரிந்திருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில்
அது ஆக்சிஜனை உசுப்பிவிடும்,
இது சாயத்தின் முதுகெலும்பை முறிக்கும்.
சாயம் ஒத்திகைதான்.
குறி, கழிவுநீரில் வந்து சேரும் வலிமாத்திரை மிச்சம்.
அதற்கடுத்த வருடம் தண்ணீரைப் பிளந்து
ஹைட்ரஜன் எடுப்போம் என்று
நிதி விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறோம்.
விண்ணப்பத்தில் எழுதலாம்.

முதல் கலவையில் மஞ்சள் அதிகம், வெள்ளைக்கு மூச்சுமுட்டியது.
இரண்டாவது, குலுக்கியதும் பிரிந்து
அடியில் இரு நிறக் கோடாய்ப் படிந்தது.
மூன்றாவதை நான் சிந்திவிட்டேன்.
"பிழை: மனிதர்" என்று குறித்தார் ஊர்ஹோ,
பெயர் போடாமல்.

மகள் சைமி புதன்தோறும்
உறைந்த ஆற்றின்மேல் உதைசறுக்கு வண்டியில்
அப்பா வீட்டுக்குப் போகிறாள்.
அவளைத்தான் எலக்ட்ரான் என்று நினைத்தேன்.
ஒப்புமை ஆற்று நடுவிலேயே உடைந்தது.
எலக்ட்ரானுக்குப் புதன்கிழமை கிடையாது,
அது கையுறையை மறந்து போவதுமில்லை.

வியாழனன்று செனான் விளக்கு செத்தது.
மாற்று பல்பு ஜெர்மனியிலிருந்து வரப் பத்து நாள்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு,
வைத்தால் சாயம் கல்லாகிவிடும்.
நான்கு முகவைகளை ஜன்னலோரம் அடுக்கினோம்:
வெறும் சாயம், வெள்ளை, மஞ்சள், நான்காம் கலவை.
அரைமணி நேரம் கறுப்புத் துணிக்குள் கலக்கிவிட்டுத்
துணியை எடுத்தேன்.
காகித ஆலைப் புகைக்கு ஒரு சாண் மேலே
கிழங்கு நிறத்தில் ஏதோ நின்றது.
அத்தனை தாழ்ந்த வெயிலில்,
மூன்றடுக்குக் கண்ணாடி தாண்டி,
புற ஊதா என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இரண்டு மணிக்கு
வெறும் சாயம் நீலம். வெள்ளை நீலம்.
மஞ்சள், ஏறக்குறைய நீலம்.
நான்காவது, பலமுறை துவைத்த
பள்ளிச் சட்டையின் நீலம்.
முப்பத்தொரு சதவீதம் போயிருந்தது.
ஊர்ஹோ இரண்டு தடவை அளந்தார்.
மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அளந்தார்.
"நாளைக்கு மறுபடி" என்றார். அவ்வளவுதான்.

வேய்க்கோவைக் கூப்பிட்டேன்.
"சைமியின் கையுறை இங்கே இருக்கிறது."
"சரி. வரும் வழியில் வாங்கிக்கொள்கிறேன்."
அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை,
குரலில் சூடும் இல்லை.

ஜன்னல் இருட்டிவிட்டது.
நான்காம் முகவையில் காந்தத் துண்டு
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
நிறுத்த யாருக்கும் தோன்றாமல்.